உதிரிப் பாடல்களும் பெயரும்

படைப்பதை விடத் தொகுப்பது தாழ்ந்த தொழில் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. சிதறிக் கிடப்பவற்றைப் பொறுக்கிக் கூடையில் இடுபவனுக்குப் பொறுமை இருந்தாற் போதும், அறம் பற்றிய விசாரம் அவனுக்கு எதற்கு என்று கேட்போரும் உளர். 1960களிலும் 70களிலும் இலங்கையில் ஒலித்த பொப் பாடல்களைத் தேய்ந்த இசைத்தட்டுக்களிலிருந்தும் நைந்த ஒலிநாடாக்களிலிருந்தும் மீட்டு, இரைச்சலை நீக்கி, ஒரே தொகுதியாக வெளியிட வேண்டும் என்ற ஆர்வம் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், அங்கிருந்து பெயர்ந்து கடல் கடந்து வாழ்வோரிடத்திலும் காணப்படுகிறது. வரவேற்க வேண்டிய ஆர்வம் இது. ஆயின் இதில் இறங்குவோர் முதல் நாளே ஒரு கேள்வியை எதிர்கொள்ள நேரிடும். கையிற் கிடைத்த பாட்டுக்கு யார் பெயரை எழுதுவது? அந்தக் கேள்வியை நாம் இங்கு சற்று விரித்து ஆராய விரும்புகிறோம்.

மேல்நாட்டு ரொக் இசைக் குழுவொன்றுக்கு ‘அல்பம்’ எனப்படும் நீண்ட இசைத்தட்டு, எழுத்தாளனுக்கு நூல் இருப்பதைப் போன்றது. அதில் இடம்பெறாது தனித்தட்டாக வந்தவை, தட்டின் பின்பக்கத்தை நிரப்புவதற்காகப் பாடப்பட்டவை, வானொலிக்கென ஒரு பொழுதில் பாடி விட்டுப் போனவை, பிறருடைய பாட்டைத் தம் பாணியில் மறுபடி பாடியவை ஆகியன எல்லாம் உதிரிகள். உதிரி என்பதால் அற்பம் என்று கொள்ளலாகாது. பீற்றில்ஸ் குழுவினரின் ‘ஷி லவ்ஸ் யூ’, ‘ஹே ஜூட்’ ஆகிய இரண்டும் பிரித்தானியாவில் வெளியான அவர்களுடைய ஸ்டூடியோ அல்பங்கள் எதிலும் இடம்பெற்றவை அல்ல. உலகமே வாய்விட்டுப் பாடிய அப்பாடல்களும் அவை போன்ற பிறவும் 1988இல்தான் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ என்ற பெயரில் இரு பகுதிகளாக ஒழுங்கு செய்யப்பட்டன. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1963இல் வந்த அவர்களுடைய முதல் அல்பத்தில் உள்ள பதினான்கு பாடல்களில் ஆறு பிறர் இயற்றியவை. இரவற் பாட்டுப் பாடிப் பழகித்தான் அவர்களும் சொந்தப் பாட்டுக்கு வந்து சேர்ந்தனர்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வருபவர் ஒரு விநோதத்தைக் காண்பார். இங்கே பெரும்பாலும் அல்பமே கிடையாது. நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் ஏழு அங்குலத் தட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாடல். இதுவே அக்காலத்தில் நம் கலைஞருக்குக் கிட்டிய பெரும்பேறு. 1966இல் இரத்தினபுரியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அன்ஸ்லி மாலேவனவும் சேர்ந்து அமைத்த ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவின் பாடல்களை ஜெரால்ட் விக்ரமசூரியவின் சூரியா நிறுவனம் வெளியிட்டது இவ்வகைத் தட்டுக்களிலேயே. தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பாடல்கள் மேடைகளிலும் வானொலியிலும் சிறு தட்டுக்களிலுமாகப் பரவின. வானொலியில் ஒலித்தவற்றின் கதி இன்னும் மோசம். ஒலிநாடா விலையேறிய பண்டமாக இருந்த காலத்தில், பதிந்ததை அழித்து அதன் மேலேயே மறுபடி பதிவது உலகெங்கும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களின் வழக்கமாயிருந்தது. பிபிசியே தன் நிகழ்ச்சிகள் பலவற்றை இவ்வாறு இழந்தது. ஆகவே நம் நாட்டைப் பொறுத்த மட்டில், முழுமையான நூல் ஒருபுறமும் உதிரி மறுபுறமுமாகப் பிரித்துப் பார்க்க இடமில்லை. இருப்பது முழுவதும் உதிரியே. தொகுப்பவர் விட்டுவிட்டால் அப்பாட்டுக்குப் போய்ச் சேர வேறு வீடு கிடையாது.

இவ்விடத்திலேதான் ‘நல்லதை எடுப்போம், இரவலை விடுவோம்’ என்ற யோசனை எழுகிறது. சொந்தப் பாட்டை மட்டும் சேர்த்தாற் போதும், பிறர் மெட்டில் பாடியவற்றைத் தள்ளிவிடலாம் என்பது கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும். உண்மையில் கொழும்பு இசையின் வரலாற்றையே அறுத்தெறியும் யோசனை அது.

கொழும்பில் மெல்லிசையும் பொப் இசையும் எப்படி வளர்ந்தன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காலி முகத்து ஹோட்டலின் கோக்கனட் குரோவ் மண்டபத்தில் மின்யோன் பெர்னாண்டோவின் குரலோடு ‘ஜெட்லைனர்ஸ்’ குழு வாசித்த காலத்தில், அங்கு ஒலித்தவற்றிற் பெரும்பகுதி மேல்நாட்டுப் பாடல்களே. அதே கித்தாரும் டிரம்ஸும் பின்னர் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடம்பெயர்ந்தன. கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழுவும் திருமண வீட்டு வாத்தியக் கோஷ்டியும் அருகருகே இருந்தன. பறங்கியரும் தமிழரும் சிங்களவரும் மலாயரும் கொழும்புச் செட்டிகளும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த இடம் அது. மாலையில் ஒரு வீட்டில் வயலின் கேட்டால், மறு வீட்டில் அதே மெட்டு வேறு மொழியில் கேட்கும்.

பைலாவின் கதையே இதற்குச் சான்று. போர்த்துக்கேய மொழியில் ‘ஆடுதல்’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பெயரைப் பெற்ற இவ்விசை, ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்ட காப்பிரி மக்களின் தாளத்தையும் பறங்கியரின் ஆட்டத்தையும் சுமந்து வந்தது. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன்ஸ் அதற்குச் சிங்களச் சொல் கொடுத்து மக்களிடையே பரப்பினார். பின்னர் அத்தாளம் தமிழ்ப் பொப் பாடல்களுக்குள் நுழைந்தது. ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து பாடப்பட்டது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்நாட்டுத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் மறுபிறவி எடுத்து, இங்கே கேட்டதைக் காட்டிலும் அங்கே கூடுதலாகக் கேட்கப்பட்டது. இதில் எது சொந்தம், எது இரவல்? தூய்மையைத் தேடிப் புறப்பட்டு இவற்றைச் சலித்தெடுக்க முயல்பவரின் சல்லடையில் எதுவும் மிஞ்சாது.

திரையிசையிலும் நிலைமை இதுவே. 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படமே தென்னிந்தியாவிலே தயாரிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் சிங்களப் படங்களில் ஹிந்தி, தமிழ் மெட்டுக்கள் சொல் மட்டும் மாற்றிப் பாடப்பட்டன. சேலத்திற் பிறந்த முகைதீன் பேக் சிங்களவரின் அன்புக்குரிய பாடகரானார். ஆர். முத்துசாமி, எம். ரொக்சாமி ஆகிய தமிழர்கள் சிங்களத் திரையிசையில் முன்வரிசையில் நின்றனர். அரசாங்கம் தூய்மை பேசினால் என்ன நேரும் என்பதற்கும் அக்காலம் ஓர் உதாரணம் தருகிறது. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்க முனைந்தார். நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்கலாயினர். அமைச்சர் காத்த தூய்மையினால் இலாபமடைந்தது கொழும்பிலிருந்த வர்த்தக ஒலிபரப்பு!

ஆகவே இரவற் பாடல்களையும் சேர்க்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் சேர்த்த மறுகணமே பிரச்சினை கூர்மை அடைகிறது. இரவல் என்று எழுதிச் சேர்ப்பதும் எழுதாமற் சேர்ப்பதும் ஒன்றல்ல.

இதை விளக்கத் தமிழிலக்கிய உலகிலேயே ஒரு கசப்பான உதாரணம் உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அதன் பின்னர் வெளிவந்த தொகுப்பொன்றில், பிறமொழிக் கதைகளைத் தழுவி அவர் எழுதியவை சில, தழுவல் என்ற குறிப்பின்றி அவருடைய சொந்தக் கதைகளோடு சேர்ந்துவிட்டன. விளைவு என்ன? செத்தவர் மீது இலக்கியத் திருடர் என்ற பழி விழுந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும், 1999இல், தொ. மு. சி. ரகுநாதன் ஒரு நூலையே எழுதி அப்பழியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தழுவி எழுதியவர் செய்த குற்றம் எவ்வளவு, குறிப்பை விட்டுத் தொகுத்தவர் செய்த குற்றம் எவ்வளவு என்று இன்றும் வாதிடலாம். ஒன்று மட்டும் தெளிவு. ‘தழுவல்’ என்ற ஒரே சொல் அந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்தால் வழக்கே எழுந்திராது. அதே புதுமைப்பித்தனின் நூல்வடிவம் பெறாத எழுத்துக்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 1998இல் ‘அன்னை இட்ட தீ’ என்று பதிப்பித்தபோது, எது எந்த இதழில் எப்போது வந்தது என்று தேடித் தேடிக் குறித்தார். பதிப்பாளனின் குறிப்பு வாசகனுக்குச் செய்யும் உபகாரம் என்று நாம் நினைக்கிறோம். பேச முடியாத படைப்பாளிக்கு அது வாயாகவும் இருக்கிறது.

இனி நம் பாடல்களுக்கு வருவோம். ‘சின்ன மாமியே’ என்ற பாட்டை அறியாத ஈழத்தமிழர் அரியர். தமிழ்நாட்டிலும் அது பிரசித்தம். அதை ஆக்கிப் பாடியவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்து மண்ணிலிருந்து எழுந்து பின்னாளில் அவுஸ்திரேலியாவிற் குடியேறியவர். ஆயினும் கடல் கடந்து கேட்டவர்களிற் பலர் அதைச் ‘சிலோன் மனோகர்’ பாட்டென்றே நம்பி வந்திருக்கின்றனர். இதில் மனோகரனைக் குறை கூற எதுவுமில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்த அக்கலைஞர் தம் உழைப்பாற் பெற்ற புகழ் அவருடையதே. புகழுக்கு ஒரு தன்மை உண்டு. அது அண்டையிலுள்ள பெயரற்றதையெல்லாம் தன் பக்கம் ஈர்த்துக்கொள்ளும். 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாகி, கசெற் ஒலிப்பதிவுக் கருவி வீடு தோறும் புகுந்தது. வெற்றுக் கசெற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொண்டு போய்க் கொடுத்தால் ஒலிப்பதிந்து தருகின்ற ‘றெக்கோடிங் பார்’ எனப்படும் கடைகள் பெருகின. கசெற் அட்டையில் எழுதும் இடமோ விரற்கடை அளவு. பாட்டின் முதலடியையும் தெரிந்த ஒரு பெயரையும் எழுதினால் இடம் நிறைந்துவிடும். இயற்றியவர் யார், மெட்டு எங்கிருந்து வந்தது, கித்தார் வாசித்தவர் யார் என்பன முதற் பிரதியிலேயே உதிர்ந்து போயின. பிரதியிலிருந்து பிரதி எடுக்கப்பட்டபோது, உதிர்ந்தது உதிர்ந்தபடியே நிலைபெற்றது. எவரும் திருடவில்லை. ஆயினும் ஒருவருடைய பொருள் இன்னொருவர் வீட்டிற் போய்ச் சேர்ந்தது.

இத்தகைய மாற்றம் நமக்குப் புதிதல்ல. தனிப்பாடல் திரட்டுக்களைப் புரட்டுவோர் இதை அறிவர். எவரோ பாடிய வெண்பா கம்பர் தலையிலோ காளமேகத்தின் தலையிலோ ஏறிக்கொள்ளும். ஔவையார் மீது ஏற்றப்பட்ட பாடல்களைக் கணக்கிட்டால் அவர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும்! ஆனால் அதற்கு மிக முந்திய தொகுப்பாளர் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். குறுந்தொகையைத் தொகுத்தோருக்குச் சில பாடல்களைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. கபிலர் என்றோ பரணர் என்றோ எழுதியிருந்தால் அந்நாளில் யார் மறுத்திருக்கப் போகிறார்கள்? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாட்டினுள்ளே இருந்த அரிய தொடர் ஒன்றை எடுத்து அதையே புலவருக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், குப்பைக்கோழியார் என்றும் இன்று நாம் வழங்குவன அவ்வாறு பிறந்த பெயர்களே. ‘இதைப் பாடிய ஒருவர் இருந்தார், அவர் இன்னார் என்பது எமக்குத் தெரியாது, ஆனால் அவர் வேறெவரும் அல்லர்’ என்பதை இரண்டொரு சொல்லிற் கூறிவிட்ட அந்த நேர்மையைக் காட்டிலும் உயர்ந்த பதிப்பு நெறியை நாம் எங்கும் கண்டதில்லை.

பெயரைத் தவறவிட்டால் புகழ் மட்டுமே போகும் என்று எண்ணிவிடலாகாது. கஞ்சியும் போகும். தென்னாபிரிக்கத் தொழிலாளியான சொலமன் லிண்டா 1939இல் ஜொஹானஸ்பேர்க்கில் தம் குழுவினருடன் ‘ம்பூபே’ என்ற பாட்டை ஒலிப்பதிவு செய்தார். அது அமெரிக்காவுக்குச் சென்று, சொல் திரிந்து ‘விமோவே’ ஆகி, 1961இல் ‘தி லயன் ஸ்லீப்ஸ் ரு நைற்’ என்று உலகெங்கும் முழங்கியது. அவர் தம் உரிமைக்கு ஈடாகப் பெற்றது பத்து ஷில்லிங். அடுத்த ஆண்டே வறுமையில் மாண்டார். அவருடைய புதல்வியர் நீதிமன்றம் ஏறி, 2006இல் ஓர் உடன்பாட்டைப் பெறும் வரைக்கும் அப்பாட்டின் வருமானம் யார் யார் பெயருக்கோ போய்க்கொண்டிருந்தது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் ஆயுட்காலத்துக்குப் பின்னும் எழுபது ஆண்டுகள் உரிமை அளிக்கிறது. அவன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்பதையும் உரிமையாக ஏற்கிறது. சட்டம் நல்ல சட்டமே. ஆனால் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வர ஓர் ஆள் வேண்டுமல்லவா? நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகற் பொழுதில் கூலிக்கு வந்து பொங்கோ தட்டிவிட்டுப் போனவனின் பேரப்பிள்ளைக்குத் தன் பாட்டன் வாசித்தான் என்பதே தெரியாது. சட்டம் கைவிட்ட இடத்தில் அவனுக்கு மிஞ்சியிருப்பது தொகுப்பாளனின் மனச்சாட்சி ஒன்றே.

‘கலைஞனே வேண்டாமென்று ஒதுக்கியதைத் தோண்டியெடுத்து வெளியிட உனக்கு என்ன அதிகாரம்?’ என்ற கேள்வியையும் நாம் தட்டிக் கழிக்க இயலாது. பொப் டிலன் வெளியிடாது வைத்திருந்த பாடல்கள் 1969இல் கள்ளத்தட்டாக அமெரிக்காவில் உலாவின. 1991 தொடக்கம் அவருடைய நிறுவனமே அத்தகைய உதிரிகளை வரிசை வரிசையாக வெளியிட்டு வருகிறது. கள்ளத்தட்டுக்காரனின் ஆர்வத்தை நாம் புரிந்துகொள்கிறோம். அவன் செய்கையை ஏற்கவில்லை. உயிரோடிருப்பவரைக் கேளாமல் அவருடைய அரைகுறையைச் சந்தைக்குக் கொண்டுவருவது அவருடைய அடுக்களையை எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். மறைந்தவர் விடயத்தில் எம் கருத்து வேறு. கலைஞன் வேண்டாமென்று ஒதுக்கினான் என்பதற்குச் சான்றிருந்தால் மதிக்க வேண்டும். ஆனால் நம் பாடல்கள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டவை அல்ல, கைவிடப்பட்டவை. தட்டு அச்சிடப் பணமில்லாததால் நின்றவையும், கூட்டு கலைந்ததால் நின்றவையும், ஊரை விட்டு ஓட நேர்ந்ததால் நின்றவையும் உண்டு. வறுமையும் வன்செயலும் செய்த தெரிவைக் கலைஞனின் தெரிவு என்று கூறுவது பொருந்தாது.

வன்செயலைப் பற்றிப் பேசாமல் கொழும்பின் பழைய இசைத்தட்டைப் பற்றிப் பேச முடியாது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, நகையும் தளபாடமும் மட்டுமா எரிந்தன? தட்டும் நாடாவும் நிழற்படமும் கையெழுத்துப் பாட்டுக் கொப்பியும் எரிந்தன. அவற்றுக்கு எவரும் நட்டஈடு கேட்டதில்லை. அதே நாட்களில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழரின் சொத்து என்று தீ வைத்தவர்கள் உள்ளே இருந்தவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே சாம்பலானவற்றுள் சிங்களத் திரைப்படங்களின் மூலச்சுருள்களும் இருந்தன. கலந்து வளர்ந்த கலையை ஓர் இனத்தின் பெயரால் எரித்தால், எரிவது இரு சாராரின் கலையுமே என்பதற்கு இதைவிடக் கொடிய நிரூபணம் வேண்டியதில்லை.

இதன் எதிரொலியை இன்றைய தொகுப்பு முயற்சிகளிலும் கேட்கிறோம் என்பதே எம் கவலை. ‘தூய தமிழ்ப் பொப்’ என்று ஒரு தொகுதி வெளியிட்டு, சிங்களச் சொல் கலந்ததை ஒதுக்கிவிடலாமே என்கிறார் ஒருவர். அந்தப் பக்கத்தில், பைலாவைச் சிங்களவரின் பூர்வீகச் சொத்தாக்கி, காப்பிரியரையும் பறங்கியரையும் முன்னுரையில் ஒரு வாக்கியத்தோடு அனுப்பிவிட விரும்புவோர் இருக்கின்றனர். பெயரைத் தப்பாக எழுதும் பழைய வழக்கத்தின் வளர்ந்த வடிவமே இது. அங்கே ஒரு மனிதனின் பெயர் போயிற்று, இங்கே ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர் போகிறது. அதே சமயம், பாட்டின் உள்ளடக்கம் நமக்கு உவப்பில்லை என்பதற்காக வெட்டுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. பெண்களைக் கேலிப் பொருளாக்கும் பாடல்கள் அக்காலத்துப் பொப் இசையிற் குறைவல்ல. அவற்றைச் சேர்த்து, அவற்றைப் பற்றி நம் கண்டனத்தை முன்னுரையில் காரமாகவே எழுதலாம். அழித்துவிட்டால் கண்டிப்பதற்கும் எதுவும் இராது.

தொகுக்க முனைந்திருக்கும் இளைஞரிடம் நாம் வேண்டுவது பெரிதல்ல. முதியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கின்றனர். தட்டைத் தேடி அலையும் அதே கால்கள் அவர்களுடைய வாசலுக்கும் செல்லட்டும். பாட்டின் கீழே, பாடியவர், இயற்றியவர், மெட்டுக்குரியவர் என்று தனித்தனியாக எழுதப்படட்டும். ஹிந்தி மெட்டாயின் ஹிந்தி மெட்டு என்றும், ஆங்கிலப் பாட்டாயின் அதைப் பாடிய மூலக் குழு இன்னது என்றும் வரட்டும். இருவர் உரிமை கோரினால் இருவருடைய கூற்றையும் போடலாம். தீர்ப்பு வழங்கும் வேலையைத் தொகுப்பாளர் தலையில் எவரும் கட்டவில்லை. வருமானம் ஏதும் வந்தால் அதில் ஒரு பங்கு, உரியவர் என்றாவது வந்து கேட்பார் என்ற எண்ணத்தோடு தனியே வைக்கப்படட்டும்.

வாத்தியம் வாசித்தவர் பெயர் எவ்வளவு தேடியும் கிடைக்காத பாடல்கள் பல இருக்கும். அந்த இடத்தை வெறுமையாக விடுவதும், குழுத் தலைவரின் பெயரால் அதை நிரப்புவதும் எளிது. நாமாயின் அங்கே இப்படி அச்சிடுவோம்: ‘கித்தார் வாசித்தவர் பெயர் தெரியவில்லை, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர் என்பர், இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் வாசிப்பு அவருடையது.’